வளைக்க வளைக்க இறுகும் கம்பி

கையால் நகை செய்யப் பழகிய புதிதில் நான் செய்த முதல் காதுக் கொக்கி இருபது நிமிடம்கூட உயிரோடு இல்லை. செம்புக் கம்பியை உருண்டை மூக்குக் குறட்டில் சுற்றினேன். வளைவு கொஞ்சம் கோணலாக வந்தது. நிமிர்த்தி மறுபடி வளைத்தேன், மறுபடி கோணல். எத்தனையாவது முறை என்று எண்ணவில்லை, ஏழெட்டு இருக்கும். டக்கென்று கையோடு வந்துவிட்டது. கம்பி மட்டமான சரக்கு என்று முடிவுகட்டி, அதே சுருளிலிருந்து இன்னொரு துண்டை வெட்டி, இந்தத் தடவை பிசகாமல் ஒரே முறையில் வளைத்துவிட்டேன். ஆசையாக வாங்கி மாட்டிக்கொண்ட தோழி மாலையில் திருப்பித் தந்தபோது கொக்கி பாதி நிமிர்ந்து கிடந்தது.

ஒரே சுருள்தான். ஒரு துண்டு விறைத்துக்கொண்டு முறிந்தது, இன்னொன்று வாழைத்தண்டு நார் மாதிரி துவண்டது. அதிகம் வளைத்தது முறிந்தது, குறைவாக வளைத்தது துவண்டது. கம்பிமேல் குற்றமே இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

நீங்களே பார்த்துவிடலாம். மின்சார ஒயரின் உறையை உரித்தால் உள்ளே சில சமயம் ஒற்றைச் செம்புக் கம்பி இருக்கும். அதை விரலில் வைத்து ‘ட’ எழுத்துபோல் மடக்குங்கள். இப்போது இரு முனைகளையும் பிடித்து, மடக்கிய இடத்தை அழுத்தாமல், நேராக்கப் பாருங்கள். கம்பி நேராகாது. மடக்கிய மூலை அப்படியே ஒரு சின்னத் திமிலாக நிற்கும். அதன் இரு பக்கமும் இருந்த நேரான பகுதிதான் வளைந்து கொடுக்கும். ஒருமுறை வளைந்த இடம் பக்கத்து இடங்களைவிட வலுவாகிவிட்டது. சுருளில் விழுந்த முறுக்கு லேசில் போகாததும் இதனால்தான்.

உள்ளே நடப்பது என்ன? உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்கு வரிசையில் இருக்கின்றன. கம்பி வளைகிறது என்றால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின்மேல் சறுக்குகிறது என்று பொருள். ஆனால் ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர வேண்டுமென்றால் எவ்வளவு விசை தேவை என்று 1920களில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வந்த விடை உண்மையில் தேவைப்படுவதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். அந்தக் கணக்குப்படி பார்த்தால் செம்புக் கம்பியைக் கையால் வளைக்கவே முடியாது. 1934இல் ஜெஃப்ரி டெய்லர், எகான் ஒரோவான், மைக்கேல் பொலானி என்ற மூவர் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள்: அணு வரிசை சுத்தமாக இல்லை, நடுநடுவே பிசகியிருக்கிறது.

இந்தப் பிசகை டிஸ்லொகேஷன் என்பார்கள். அடுக்குகளுக்கு நடுவே ஒரு அரை வரிசை அணுக்கள் செருகிக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பளிப்பூச்சி எல்லாக் கால்களையும் ஒன்றாகத் தூக்கி வைப்பதில்லை. பின்னால் ஒரு திமில் எழும்புகிறது, அது முன்னால் ஓடி முடிகிறது, பூச்சி ஓரடி நகர்ந்திருக்கிறது. அப்படித்தான் பிசகும் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் கொஞ்சம் விசை போதும். 1956இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷும் உடனிருந்தவர்களும் அலுமினியத் தகட்டில் இந்தப் பிசகுகள் ஊர்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். இருபது வருடம் காகிதத்தில் மட்டுமே இருந்த பூச்சி!

சரி, பிசகு இருப்பதால் கம்பி வளைகிறது என்றால், வளைக்க வளைக்க ஏன் இறுகுகிறது? வளைக்கும்போது பிசகுகள் நகர்வதோடு நிற்பதில்லை, பெருகவும் செய்கின்றன. காய்ச்சி ஆற்றிய மென்மையான உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் வெட்டுமுகத்தைக் கடக்கும் பிசகுக் கோடுகள் பத்து லட்சம், ஒரு கோடி என்ற கணக்கில் இருக்கும். நன்றாக அடித்து வளைத்த உலோகத்தில் அது லட்சம் கோடியை எட்டும். இவ்வளவும் வெவ்வேறு திசையில் ஓடுவதால் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சிக்கிக்கொள்கின்றன. சிக்கில்லாத தலைமுடியில் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். சிக்கு விழுந்துவிட்டால் இழுக்க இழுக்க வலிக்கும், அப்புறமும் பிடிவாதமாக இழுத்தால் முடி அறுந்து சீப்போடு வரும். என் முதல் கொக்கிக்கு நேர்ந்தது இதுதான். இரண்டாவதில் சிக்கு போதுமான அளவு விழவில்லை, அதனால் நிமிர்ந்துவிட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நகை செய்வது எனக்கு வேறு வேலையாகிவிட்டது. உருவம் கொடுக்கும்வரை கம்பி மென்மையாக இருக்க வேண்டும், கொடுத்து முடித்ததும் இறுகிவிட வேண்டும். எப்போது எது என்பதை முடிவு செய்வதில்தான் பாதி நாள் போகிறது.

இறுக்குவது சுலபம். கொக்கியை இரும்புக் கட்டைமேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் போதும். ஆனால் காதுத் துளைக்குள் போகும் இடத்தைத் தட்டையாக்கிவிட்டால் விளிம்பு கீறும். அங்கே நைலான் தலை வைத்த சுத்தியல்தான் சரி, உருவம் கெடாமல் இறுக்கும். நேரான தண்டு என்றால் இரு முனையையும் பிடித்துத் தன்னைத்தானே சுற்றி நாலைந்து முறுக்கு முறுக்கலாம். வெளியே பார்க்க ஒரு மாற்றமும் தெரியாது, உள்ளே சிக்கு விழுந்திருக்கும். சின்ன வளையங்களை மூடும்போதும் அப்படித்தான். வாயை அகட்டித் திறக்காமல் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக ஆட்டி மூடினால், இரு முனையும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்.

இதோடு தடிமனையும் பார்க்க வேண்டும். உருண்டைக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும். 20 கேஜ் கம்பி 0.8 மில்லிமீட்டர், 18 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் விறைப்பில் இரண்டரை மடங்கு. கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்ற தலைகீழ்க் கணக்கை எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தினாரோ, புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறுகிறார்கள்.

மென்மையாக்குவதற்குத்தான் நெருப்பு வேண்டும். சூடேற்றினால் அணுக்கள் துடிக்கின்றன, சிக்குகள் தளர்கின்றன. இன்னும் சூடேறினால் நொந்துபோன படிகங்களுக்கு, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய துணுக்குகளுக்கு, நடுவே புதிய, பிசகு குறைந்த படிகங்கள் முளைத்துப் பழையவற்றை விழுங்கிவிடுகின்றன. உருகாமலே உலோகம் புதுப்பிறவி எடுக்கிறது. 92.5 சதவீதம் வெள்ளியும் மீதி செம்புமான நகை வெள்ளிக்கு 600 முதல் 650 டிகிரி செல்சியஸ் சூடு போதும். அதை எப்படி அறிவது? விளக்கை அணைத்துவிட்டு மங்கலான சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அழியாத மை பேனாவால் வெள்ளியில் ஒரு கோடு போட்டுவிட்டுச் சூடாக்குவது எனக்குப் பிடித்த வழி. மை மறைந்தால் நெருப்பை எடுத்துவிடலாம். பேராசையில் மேலும் காய்ச்சினால் புதிய படிகங்கள் அளவுக்குமீறி வளர்ந்துவிடும். அப்புறம் வளைக்கும்போது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் பொரிப்பொரியாக எழும்பும்.

பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும் என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. அது எஃகுக்கு உண்மை. செம்பையும் வெள்ளியையும் முக்கினால் அவை இறுகுவதில்லை, மென்மையாகவே இருக்கின்றன. என் இரண்டாவது கொக்கி நிமிர்ந்ததும் நான் முதலில் செய்த முட்டாள்தனம் அதைக் காய்ச்சி முக்கியது. முன்பைவிட மோசமாகத் துவண்டது.

நெருப்பைக் கையில் எடுத்துவிட்டால் அடுத்து மனசு பற்றவைப்பில் போய் நிற்கும். பொடி வைத்து ஊதுவது என்று பேச்சில் சொல்கிறோமே, பட்டறையில் அதைக் கண்ணால் பார்க்கலாம். வெள்ளி 962 டிகிரியில் உருகும், செம்பு 1085இல். ஆனால் 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் கலந்தால் கலவை 780 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. தனித்தனியாக முறைத்துக்கொண்டிருந்த இரண்டும் சேர்ந்ததும் இளகிவிடுகின்றன. கொஞ்சம் துத்தநாகமும் சேர்த்தால் இன்னும் கீழே இறங்கும். அதனால்தான் நகை உருகாமல், துண்டுகளை ஒட்டவைக்கும் இந்தக் கலவையான பற்றாசு மட்டும் உருகுகிறது. உருகியது மெல்லிய இடுக்குக்குள் தானாகவே ஏறி ஓடும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. இடுக்கு அகலமாக இருந்தால் ஓடாது. பற்றாசு ஓட்டையை அடைக்கும் என்று நம்பி நான் கெடுத்த வளையங்களுக்குக் கணக்கில்லை. வெங்காரம் தடவுவது உலோகத்தில் ஆக்சைடு படியாமல் பார்த்துக்கொள்ள. ஆக்சைடு இருந்தால் பற்றாசு ஒட்டாமல் உருண்டு நிற்கும்.

சூடாக்கிய வெள்ளி கறுத்துப்போய் வரும். அதிலுள்ள செம்பு ஆக்சைடாவதால் வரும் கறுப்பு அது. வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலத்தில் போட்டால் கரைந்துவிடும். ஒருநாள் அவசரத்தில் இரும்பு இடுக்கியோடு அமிலத்துக்குள் கைவிட்டேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளித் தொங்கட்டான் ரோஜா நிறத்தில் இருந்தது! அமிலத்தில் ஏற்கெனவே கரைந்திருந்த செம்பு அதன்மேல் படிந்திருந்தது. இரும்பு அமிலத்தில் கரையும்போது எலக்ட்ரான்களை விடுகிறது. இடுக்கி வெள்ளியைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அவை வெள்ளிக்குப் போகின்றன. கரைசலில் உள்ள செம்பு அயனிகள் அங்கே அவற்றைப் பெற்றுக்கொண்டு உலோகமாகின்றன. தெரியாமலே ஒரு மின்கலம் செய்திருக்கிறேன். செம்பு இடுக்கியோ பிளாஸ்டிக்கோ இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

நாளாக ஆக வெள்ளி கறுப்பது வேறு கதை. காற்றில் துளியூண்டு இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாகிறது. படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. தண்ணீர்மேல் பரவிய எண்ணெயில் வர்ணங்கள் தெரிவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் போகிறது. சிலர் இதையே கலையாக்குகிறார்கள். நகையை வேண்டுமென்றே கந்தகக் கலவையில் கறுக்க வைத்து, மேடான இடங்களை மட்டும் தேய்த்துவிட்டால், பள்ளங்களில் கறுப்பு தங்கி வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும். வேண்டாத கறுப்பை எடுக்க அலுமினியத் தாள், சமையல் சோடா, சுடுதண்ணீர் போதும். கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ள வெள்ளி மீண்டும் வெள்ளியாகிறது. ஆசையாகக் கறுக்க வைத்த நகையையும் முத்து பதித்ததையும் மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள்.

செய்தாயிற்று. இனி நாலு பேருக்குக் காட்ட வேண்டும். செய்ததைவிட இதில்தான் நான் அதிகம் தோற்றிருக்கிறேன். மெருகேற்றிய வெள்ளி தன்மேல் விழும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 95 சதவீத அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதாவது நீங்கள் நகையைப் படம் எடுக்கவில்லை, நகையில் தெரியும் அறையைப் படம் எடுக்கிறீர்கள். என் முதல் படங்களில் காதணி நடுவே ஜன்னல் கம்பியும் என் மூக்கும்தான் இருந்தன. தீர்வு எளிது: நகைக்குக் காட்ட ஒரு நல்ல அறையைக் கட்டிக் கொடுங்கள். சுற்றிலும் வெள்ளைத் தாள், அதன் வழியாக வடிந்து வரும் வெளிச்சம். அப்போது வெள்ளி பால்போல் ஒளிரும். ஆனால் வெறும் வெள்ளை மட்டும் தெரிந்தால் உருண்டையும் தட்டையாகத் தோன்றும், ஆகவே ஓரத்தில் ஒரு கறுப்புத் தாள் கீற்றை வையுங்கள். அதன் நிழல் விளிம்பில் கோடாக ஓடி உருவத்தைப் பிடித்துக் கொடுக்கும்.

கல் வைத்த நகை என்றால் இந்த வெளிச்சமே எதிரியாகிவிடும். வைரத்துக்குள் நுழைந்த ஒளி 24 டிகிரிக்கு மேல் சாய்வாக உள்சுவரில் பட்டால் வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்புகிறது. கண்ணாடிக்கு இது 41 டிகிரி. அதனால் கண்ணாடிக் கல்லின் அடிவழியே ஒளி சுலபமாகத் தப்பிவிடுகிறது. இப்படித் திரும்பித் திரும்பி வரும் ஒளி மின்ன வேண்டுமென்றால் சின்னதாய், கூர்மையாய் ஒரு விளக்கு வேண்டும். எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் இருந்தால் எங்கிருந்தும் மின்னாது. உலோகம் கேட்பது மென்மையான ஒளி, கல் கேட்பது கூர்மையான ஒளி. இரண்டையும் ஒரே படத்தில் திருப்திப்படுத்த, தாள் கூடாரத்தில் ஊசித் துளையளவு ஓட்டை போட்டு ஒரு டார்ச்சைக் காட்டிப் பார்த்தேன். பரவாயில்லை என்று சொல்லலாம்.

அதற்குமேல் கேமராவால் முடியாது. பளபளப்பை நம் இரண்டு கண்களும் வெவ்வேறாகப் பார்க்கின்றன: இடக்கண்ணுக்கு மின்னும் பட்டை அதே நொடியில் வலக்கண்ணுக்கு இருட்டாக இருக்கும். இந்த முரண்பாட்டைத்தான் மூளை மினுமினுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண். அதனால் இப்போதெல்லாம் யாராவது நேரில் பார்க்க வந்தால் காதணியைத் துணிமேல் கிடத்தி வைப்பதில்லை. ஜன்னலோரம் மெல்லிய நூலில் தொங்கவிட்டு, நூலை ஒரு முறுக்கு முறுக்கி விட்டுவிடுகிறேன்.