புதுச் சுரங்கத்தில் முதலில் கிடைப்பது கரி அல்ல, தண்ணீர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் எதுவும் இல்லை. ஆனால் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கம் ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டருக்கோ எலக்ட்ரீசியனுக்கோ தெலங்கானாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ ஒப்பந்த வேலைக்கு அழைப்பு வந்தால், "கரி வெட்டப் போறியா?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். புதுச் சுரங்கத்தில் கரி கண்ணில் படவே சில வருடங்கள் ஆகலாம். அதுவரை பாறையோடும் தண்ணீரோடும்தான் மல்லுக்கட்டு. பெரும்பாலும் ஒப்பந்த ஆட்களை இறக்குவதும் அந்தக் கட்டத்தில்தான்.

கரி மேலாக இருந்தால் சாய்வுப் பாதை வெட்டுவார்கள். நாலுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று சரிவு. கன்வேயர் பெல்ட் அதிலேயே ஓடும். ஆழம் கூடினால் கிணறு மாதிரி நேர்குத்தாக இறங்கும் ஷாஃப்ட். சிக்கல் அதிகம் உள்ளது இதில்தான்.

மேல் மண் ஈர மணலாக இருந்தால் ஷாஃப்ட்டின் முதல் சில மீட்டர்கள் நம் ஊர் உறைகிணறு மாதிரிதான் இறங்கும். அடியில் இரும்பு வெட்டுவிளிம்பு வைத்த கான்கிரீட் உறை, உள்ளே மண் அள்ள அள்ளத் தன் எடையிலேயே கீழே போகும். ஒரு பக்கம் கூடுதலாக அள்ளினால் சாயும். உள்ளே தண்ணீரை மட்டும் வேகமாக இறைத்தால் வெளி நீரின் அழுத்தம் மணலை அடியிலிருந்து கொதித்துக் கிளம்ப வைக்கும். வந்த மணலுக்கு ஈடாக உறைக்கு வெளியே பொந்து விழும், மேலே தரை உள்வாங்கும். அதனால் உள் நீர்மட்டத்தைக் குறைக்காமல், தண்ணீருக்கு அடியிலேயே கிராப் என்ற இரும்புக் கவ்வி வாளி வைத்து அள்ளி, களிமண்ணையோ பாறையையோ எட்டியபின் அடியை அடைத்துவிட்டுத்தான் இறைக்க வேண்டும்.

மணல் அடுக்கு தடிமனாக இருந்தால் நிலத்தையே உறைய வைக்கும் முறை உண்டு. ஷாஃப்ட்டைச் சுற்றி ஏறக்குறைய மீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டு, மைனஸ் 25 முதல் 30 டிகிரி வரை குளிர்ந்த கால்சியம் குளோரைடு கரைசலைச் சுற்றவிட்டால், வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், பனிச்சுவர் கூடிவரும். ஒரு துளை கோணலாகப் போனால்கூடச் சுவரில் ஓட்டை நின்றுவிடும். உப்பு நீர் எளிதில் உறையாது. நம் கடற்கரை மாதிரியான நிலத்தில் இந்த முறைக்கு நேரமும் செலவும் கூடும்.

பாறை வந்தபின் சுற்று வேலை: துளை, வெடி, புகை வெளியேற்றம், அள்ளல், சுவர். முடிந்த விட்டம் 6 மீட்டர் என்றால், சுவருக்கும் சேர்த்து 6.6 மீட்டர் வெட்ட வேண்டும். ஒரு வெடிக்கு 2 மீட்டர் இறங்கினால் சுமார் 68 கன மீட்டர் பாறை, ஏறக்குறைய 160 டன். உடைந்தால் 110 கன மீட்டராக உப்பும். பாறை தூக்கும் கிப்பிள் என்ற 3 கன மீட்டர் வாளி குறைந்தது 37 நடை ஏறி இறங்க வேண்டும். அத்தனை நடையும் கீழே நிற்பவர் தலைக்கு மேல்! வாளியை விளிம்புவரை நிரப்பக்கூடாது, அடியில் ஒட்டிய கல்லைத் தட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்பதெல்லாம் இதற்காகத்தான். வெடிக்காத மருந்து தங்கியிருக்கலாம் என்பதால் பழைய துளையின் மிச்சக்குழியில் திரும்பத் துளையிடவே கூடாது. அவசரத்தில் மீறப்படும் விதி இது.

இனி தண்ணீர்க் கணக்கு. விநாடிக்கு 10 லிட்டர் ஊற்று பெரிதாகத் தோன்றாது. மணிக்கு 36 கன மீட்டர் அது. 6 மீட்டர் ஷாஃப்ட்டில் பம்பு நின்றால் ஒரு மணி நேரத்தில் ஒன்றேகால் மீட்டர் ஏறும். அதே நீரை 100 மீட்டர் தூக்க, பம்பின் திறன் 60 சதவீதம் என்றால் 16 கிலோவாட் வேண்டும். அதே அளவு மாற்றுப் பம்பும் ஜெனரேட்டரும் தயாராக இல்லாத ஷாஃப்ட் தோண்டத் தகுதியில்லாதது என்பது எங்கள் கருத்து. வெட்டுவதற்கு முன்பே, வால்வு பொருத்திய குழாய் வழியாக அடியில் நீளத் துளையிட்டு, நீர் பீச்சுகிறதா என்று பார்த்து, பீச்சினால் சிமென்ட் கரைசலை அழுத்தி அடைக்க வேண்டும்.

கிடைமட்டமாக வெட்டும்போது ஆபத்து பழைய சுரங்கங்களில் தேங்கிய நீர். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில் அப்படிப்பட்ட நீர் உடைத்துக்கொண்டு வந்து 375 பேர் இறந்தார்கள். பழைய வேலைப்பகுதிக்கு 60 மீட்டருக்குள் போக முன் அனுமதி கட்டாயம்.

காற்று விஷயத்தில் ஊர்ப் பழக்கம் ஒன்றை விட்டுவிட வேண்டும். கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பதுண்டு. கரிச் சுரங்கத்தில் அது கொலைக்குச் சமம். கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். 1.25 சதவீதத்திலேயே மின்சாரத்தை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும். ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. நிமிடத்துக்கு, ஒரு ஆளுக்கு 6 கன மீட்டர் காற்று, அல்லது தினசரி உற்பத்தியில் டன்னுக்கு 2.5 கன மீட்டர், எது கூடுதலோ அது வர வேண்டும். பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாம் மேலேயே.

இரண்டாவது வாசல் இணையும்வரை சுரங்கத்தில் முழு உற்பத்தி தொடங்கக்கூடாது. ஒன்று அடைபட்டால் வேறு வழியே இல்லை.

வேலைக்குக் கூப்பிடுபவரிடம் கேட்க வேண்டியவை: தொழிற்பயிற்சி மையத்தில் எத்தனை நாள் பயிற்சி, முதல் மருத்துவப் பரிசோதனை எங்கே, செல்ஃப் ரெஸ்க்யூவர் (விஷவாயுவில் தப்பி வர உதவும் சுவாசக் கருவி) ஆளுக்கு ஒன்று உண்டா, வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறுமா. பெயர் ஏறாதவருக்கு இழப்பீடு வாங்குவது பெரும்பாடு. ஷாஃப்ட் வாய்க்குப் போனதும் மணி அடையாளப் பலகையைப் பாருங்கள்: ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு நிற்கும்போது ஒரு மணி என்றால் மேலே தூக்கு, ஓடும் கூண்டுக்கு ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கீழே இறக்கு, மூன்று என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள். பலகை இந்தியில் மட்டும் இருந்தால் தமிழிலும் எழுதி மாட்டச் சொல்லுங்கள்.