முற்றத்துக்கு வந்த ஆமையைக் குளத்தில் விடலாமா?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் புகுந்தது செங்காது ஆமை என்ற அயல்நாட்டு இனமாக இருந்து, நாம் இரக்கப்பட்டு அதைப் பக்கத்துக் குளத்தில் கொண்டுபோய் விட்டால், அந்தக் குளத்துக்குப் பழமொழி பலித்துவிடலாம்.

நகரத்து வீட்டின் பின்பக்கம், செடித்தொட்டிகளுக்கு நடுவே ஓர் ஆமை நிற்கிறது. பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஐயோ பாவம், தண்ணீர் இல்லாமல் தவிக்கிறதே! உண்மையில் அப்படி அவசரம் எதுவும் இல்லை. நீர் ஆமைக்கும் நம்மைப்போல நுரையீரல்தான். ஒரு நாள் முழுக்கக் கரையில் இருந்தாலும் தாக்குப்பிடிக்கும். ஆகவே முதலில் அதன் கால்களைப் பாருங்கள். யானைக்கால் போல உருண்டு திரண்டு, ஓடு கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேடாக இருந்தால் அது பெரும்பாலும் நில ஆமை. அதைத் தண்ணீரில் விட்டால் மூழ்கிச் செத்துப்போகும். விரல்களுக்கு இடையே சவ்வும், சற்றுத் தட்டையான ஓடும் இருந்தால் நீர் ஆமை.

அடுத்து தலை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் தீற்றல் இருக்கிறதா? அதுதான் செங்காது ஆமை, ஆங்கிலத்தில் ரெட் ஈயர்டு ஸ்லைடர். மரக்கட்டையில் வெயில் காயும்போது ஆள் அரவம் கேட்டால் சட்டென்று தண்ணீருக்குள் சறுக்கிவிடும். 'ஸ்லைடர்' என்ற பெயர் அதனால் வந்தது. வயதான ஆண்களில் உடல் கறுத்து இந்தச் சிவப்பு மங்கிப்போவதும் உண்டு. எனவே சிவப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், ஒரு படம் எடுத்து விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

இதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் அதையொட்டி மெக்சிகோவின் வடகிழக்கு வரையிலான பகுதியும். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது தன் காலால் நடந்து அல்ல, செல்லப்பிராணி வியாபாரத்தால். 1989 முதல் 1997 வரை மட்டும் அமெரிக்காவிலிருந்து 5 கோடிக்கும் மேல் ஏற்றுமதி ஆயின. விற்கும்போது 3 சென்டிமீட்டர் அளவுக் குட்டி, பார்க்க அழகு. சில ஆண்டுகளில் பெண் ஆமை 25 சென்டிமீட்டரைத் தாண்டும். 30 ஆண்டுகள்கூட வாழும். தொட்டி போதாது, தண்ணீர் நாறும். அப்புறம் ஒரு நாள் இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் குளத்தங்கரை. உங்கள் முற்றத்துக்கு வந்ததும் அப்படிக் கைவிடப்பட்டதாகவோ, யார் வீட்டிலிருந்தோ தப்பி வந்ததாகவோ இருக்கலாம். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

உள்ளூர் ஆமை என்றால் கதை தலைகீழ். தன் வட்டாரத்தில் எங்கே நீர், எங்கே நிழல் என்று அதற்குத் தெரியும். காயம் இல்லையென்றால் கண்ட இடத்திலேயே விட்டுவிடுவதுதான் உதவி. அயல் ஆமைக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது.

குளத்தில் விட்டால் அப்படி என்ன கெட்டுப்போகும்? சிக்கல் சாப்பாட்டில் மட்டும் இல்லை, வெயிலிலும் இருக்கிறது. ஆமையின் உடல் தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. தின்றது செரிக்கவும் நோயை எதிர்க்கவும் வெயில் காய்ந்தாக வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகி, சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். ஒரு குளத்தில் வெயில் காய நல்ல கட்டையும் பாறையும் எத்தனை இருந்துவிடப் போகின்றன? பிரான்சில் ஐரோப்பியக் குளத்து ஆமைகளையும் செங்காது ஆமைகளையும் ஒன்றாக விட்டுப் பார்த்தபோது, நல்ல இடங்களை வந்தேறிகளே பிடித்துக்கொண்டன. உள்ளூர் ஆமைகள் எடை குறைந்தன, கூடுதலாகச் செத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இதன் இறக்குமதியைத் தடை செய்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு. ஆமையின் குற்றம் இதில் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

சரி, பிடிப்பது எப்படி? ஓட்டின் இரு பக்கமும், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே, இரண்டு கைகளாலும் பிடித்துத் தரையோடு ஒட்டினாற்போல் தூக்குங்கள். 'உஸ்' என்று சத்தம் வந்தால் பயந்து கீழே போட்டுவிடாதீர்கள். தலையை வெடுக்கென்று உள்ளே இழுக்கும்போது நுரையீரலில் இருந்த காற்று வெளியே தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது; அது முதுகெலும்பின் தொடர்ச்சி. வலுவான அலகும் நீளக் கழுத்தும் உள்ள வேறு இனமாகத் தெரிந்தால் கையே வைக்காமல், பெரிய கூடையால் கவிழ்த்து மூடிவிட்டு ஆள் வரவழைப்பதே மேல்.

காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலை: இது போதும். நேரடி வெயிலில் மட்டும் வேண்டாம். தப்பி நகர வழியில்லாத பெட்டிக்குள் ஆமை வெந்துவிடும். காயம் இல்லையென்றால் தாடை மட்டத்துக்கு மேல் போகாத அளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் விடலாம். பாலும் ரொட்டியும் வைத்துவிட்டு, தின்னவில்லையே என்று பலர் கவலைப்படுவார்கள். முதல் நாள் உணவே தேவையில்லை. அது மட்டுமல்ல, செங்காது ஆமையால் தண்ணீருக்கு வெளியே விழுங்கவே முடியாது என்று சொல்லலாம். அதன் நாக்கு நம்முடையதுபோல் புரளாது. தொண்டையைச் சட்டென்று விரித்துத் தண்ணீரை உறிஞ்சி, அந்த ஓட்டத்தோடு இரையையும் உள்ளே இழுக்கிறது. உலர்ந்த தட்டில் எதை வைத்தாலும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும்.

பெட்டியில் இருக்கும்போது சற்றுக் கவனித்தால் உடல் நிலை தெரியும். கண் வீங்கி மூடியிருந்தால் வைட்டமின் ஏ குறைவு காரணமாக இருக்கலாம். அழுத்தினால் ஓடு மெத்தென்று அமுங்கினால் வெயிலும் சுண்ணாம்பும் இல்லாமல் வளர்ந்தது. தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தால்? நுரையீரல்கள் ஓட்டின் மேற்பகுதிக்கு அடியிலேயே இருக்கின்றன. மிதவை வேலையையும் அவையே பார்க்கின்றன. சளிக்காய்ச்சலில் ஒரு நுரையீரல் கெட்டால் அந்தப் பக்கம் கனத்துச் சாயும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுதல் இவையும் கூடவே வரும். இது மருத்துவர் பார்க்க வேண்டியது. ஓடு விரிசல் விட்டிருந்தாலும் அப்படியே. ஓடு என்பது கழற்றிப் போடும் சட்டை இல்லை; விலா எலும்பும் முதுகெலும்பும் இணைந்து உருவான உயிருள்ள எலும்பு. வலிக்கும். பசை போட்டு ஒட்டினால் கிருமியை உள்ளேயே வைத்துப் பூட்டுவதாகும். ஈரத்துணியால் மூடி உடனே கொண்டுபோங்கள்.

தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நன்றாக இருக்கும் ஆமையின் குடலிலும், நமக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். இதற்காகவே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை 1975-இல் தடை செய்தார்கள். சின்னக் குழந்தைகள் தொட வேண்டாம். சமையலறைத் தொட்டியில் ஆமையைக் கழுவுவதும் வேண்டாம்.

பிறகு வனவிலங்குத் துறைக்கோ, ஊர்வன மீட்பவர்களுக்கோ, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவருக்கோ சொல்லலாம். வைத்து வளர்க்கவே ஆசை என்றாலும் முதலில் கேட்டுவிடுங்கள். சில நாடுகளில் அதற்குச் சட்டம் குறுக்கே நிற்கும்.

ஒப்படைக்கும் முன் இன்னொரு வேலை. ஆமை பெரியதாகவும் முன்னங்கால் நகங்கள் குட்டையாகவும் இருந்தால் பெண்ணாக இருக்கலாம். ஆணுக்குத்தான் நகம் நீளம். பெண் ஆமை தண்ணீரை விட்டு நடந்து வருவதற்கு முக்கியக் காரணம் முட்டை. தனியாகத் திரிகிறது, கரு இருக்காது என்று நினைக்க முடியாது. எப்போதோ இணைசேர்ந்த ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் வைத்திருக்கும். நீர் விட்டு மண்ணை இளக்கி, பின்னங்கால்களால் குழி தோண்டி, முட்டையிட்டு மூடிவிடும். மண் 26 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் பொரிப்பவை ஆண்கள், 31 என்றால் பெண்கள். அதனால் ஆமை நின்ற இடத்தைச் சுற்றி, பூசினாற்போல் ஈரமாக மூடிய மண் எங்காவது தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால் நீங்களே தோண்டாமல் ஒரு குச்சி நட்டு வையுங்கள். ஆமையை எடுத்துப்போக வருபவர்களிடம் அந்த இடத்தையும் காட்டிவிடலாம்.