டெக்கால்: பெயர்ப்புப்படம்

பைக் டேங்க் மேல் இருக்கும் வரிக்கோலத்தை ஷோரூமில் ‘டெக்கால்’ என்பார்கள். மெக்கானிக் கடைக்குப் போனால் அதுவே ஸ்டிக்கர். பிளாஸ்டிக் மாடல் கார் கட்டுகிறவர்களுக்கோ இரண்டும் வேறு வேறு. ஸ்டிக்கரை உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. கிட்டில், அதாவது மாடல் காரின் பாகங்கள் அடங்கிய பெட்டியில், வரும் டெக்கால் தண்ணீர் பட்டால்தான் அசையும். தாளின் மேல் டெக்ஸ்ட்ரின் போன்ற மாவுப் பசை, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய படலம், அதோடு சேர்ந்த மை. ஊறவைத்தால் பசை இளகும். படம் தாளை விட்டு வழுக்கிக்கொண்டு காரின் கதவில் போய் உட்காரும். பபுள்கம் உறைக்குள் வந்த டாட்டூவைக் கவிழ்த்து அழுத்துவோமே, அந்த முறை இல்லை. இது நிமிர்ந்தபடியே இடம் மாறும்.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘கால்க்’ என்றால் மேலே தாள் வைத்து எடுத்த படி. அந்தப் படியை இன்னொரு பரப்புக்கு மாற்றுவது ‘தெகால்கே’. ‘மானி’ என்றால் பித்து. எல்லாம் சேர்ந்து ‘தெகால்கோமானி’. 18ஆம் நூற்றாண்டுச் செதுக்கோவியர் சிமோன் பிரான்சுவா ராவனே இந்த முறையைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். 1860களில் இங்கிலாந்தில் சாடி, தட்டு, பெட்டி என்று எதையும் விடாமல் படம் பதிக்கும் மோகம் பரவியது. ஆக, பித்து என்ற வால் சும்மா ஒட்டிக்கொண்டதல்ல. பிற்பாடு ஆங்கிலத்தில் அந்த வால் அறுந்து டெக்கால் மிஞ்சியது.

தமிழில் ‘ஒட்டுப்படம்’ என்று எழுதுகிறார்கள். அது ஸ்டிக்கருக்குச் சரி. டெக்காலில் ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் வைப்பதுதான் முக்கியம் என்பதால் ‘பெயர்ப்புப்படம்’ என் தேர்வு. தண்ணீரில் ஊறும் வகையைப் பிரித்துச் சொல்ல ‘நீர்ப்பெயர்ப்புப்படம்’. நீளம்தான், பேச்சில் டெக்கால் என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.

சரி, பெட்டி தொலைந்து பழைய பெயர்ப்புப்படத் தாள் மட்டும் கையில் சிக்கினால் அது எந்தக் கிட்டுடையது? முதலில் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தைத் தேட வேண்டும். ஏஎம்டி, எம்பிசி, மோனோகிராம், ரெவெல் போன்ற கிட் நிறுவனங்களின் தாள்களில் கிட் எண்ணோ பாக எண்ணோ அங்கே கிடைக்கலாம். ஓரத்தை யாராவது வெட்டியிருந்தால் பலர் பந்தய எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது அவ்வளவாக உதவாது. அமெரிக்க கார் பந்தய வீரர் ரிச்சர்ட் பெட்டி 1992இல் ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் 43ஆம் எண்ணில்தான் ஓட்டினார். ஆனால் எஞ்சின் ஆயில் சேர்மானம் விற்கும் எஸ்டிபி நிறுவனம் அவருக்கு விளம்பரதாரரானது 1972இல். எனவே 43க்குப் பக்கத்தில் எஸ்டிபியின் முட்டை வடிவ முத்திரை இருந்தால் தாள் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓட்டும் டிராக் பந்தயத்திலும் இப்படித்தான்: ‘பாம்பு’ என்று பட்டப்பெயர் பெற்ற டான் புருடோமின் வண்டியில் 1970இல் ஹாட் வீல்ஸ் என்ற பொம்மை கார் பிராண்டின் பெயர் இருந்தது, அதே பத்தாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவத்தின் பெயர் வந்துவிட்டது. எண்ணை விடுங்கள், விளம்பரத்தைப் படியுங்கள்.

மாடல் காரின் அடித்தட்டில் பொறித்திருக்கும் ஆண்டையும் நம்பிவிடக் கூடாது. அது பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சை வெட்டிய ஆண்டாக இருக்கலாம். அதே அச்சில் பல முறை மறுவெளியீடு வரும். ஒவ்வொரு முறையும் டெக்கால் தாள் மாறலாம். பந்தயக் கார்களின் பிந்தைய வெளியீடுகள் பலவற்றில் சிகரெட் பெயர்கள் மட்டும் காணாமல் போயிருக்கும்.

அப்புறம், நகல்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பழைய அச்சில் சிவப்பு பெரும்பாலும் ஒரே சீரான மைப்பரப்பாகத் தெரியும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த நகலில் அது புள்ளி புள்ளியாகச் சிதறும். வெள்ளை மையும் இருக்காது. படலம் மஞ்சளித்திருந்தால் பழையதாக இருக்கலாம், ஆனால் அது எந்த ஆண்டு என்று சொல்லாது. வெயில்படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்தால் மஞ்சள் ஓரளவு வெளுக்கும். எப்படியானாலும் தண்ணீரில் போடுவதற்கு முன் தாளை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பழைய படலம் பல துண்டாக உடைந்து மிதக்கும் வாய்ப்பு அதிகம். தேவையில்லாத ஓர் எழுத்தை மட்டும் வெட்டி முதலில் நனைத்துப் பார்க்கலாம்.