ட்யூனர் என்றால் சுருதிமானி

அலுமினியக் குழாய்களை வெட்டி வீட்டிலேயே தட்டி வாசிக்கும் இசைக்கருவி செய்யச் சொல்லித்தரும் மொழிபெயர்ப்புக் குறிப்புகளில் 'துல்லியமான இசைவிப்பானைத் தேர்ந்தெடுக்கவும்' என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. சுருதி பார்க்கும் கருவியான 'ட்யூனரு'க்கு அவர்கள் வைத்த பெயர் அது. இசைவிப்பான் எதை இசைவிக்கிறது?

ஆங்கிலத்தின் 'ட்யூன்', 'டோன்' இரண்டும் ஒரே சொல்லின் கிளைகள். கிரேக்க மூலத்துக்கு இழுத்துக் கட்டுதல் என்று பொருள். 'ட்யூனர்' சுருதி கூட்டும் ஆளையும் குறிக்கும். பியானோ ட்யூனர் என்பவர் மனிதர். அளக்கும் கருவிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

சிக்கல் இங்கேதான். இந்தக் கருவி எதையும் கூட்டுவதில்லை. ஒலியைக் கேட்டு, அதிர்வெண்ணைக் கணித்து, அருகிலுள்ள சுரத்திலிருந்து எத்தனை சென்ட் விலகியிருக்கிறது என்று காட்டுகிறது. அரைச்சுர இடைவெளியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். 440 ஹெர்ட்ஸ் அருகே அது கால் ஹெர்ட்ஸ். குழாயின் நுனியை அராவினால் சுருதி ஏறும், நடுவில் தேய்த்தால் இறங்கும். அராவுவது செய்பவரின் கை. மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பதும் கல்லும் கட்டையும் பிடித்த கைதான். அந்தக் கையின் வேலையைப் பெட்டிக்குத் தூக்கிக் கொடுக்கிறது 'இசைவிப்பான்'.

சிலர் 'சுருதிப்பெட்டி' என்கிறார்கள். அது இன்னும் மோசம். சுருதிப்பெட்டி ஒலிப்பது, ட்யூனர் கேட்பது. நேர் எதிரான இரண்டுக்கு ஒரே பெயரா?

எனவே சுருதிமானி. வெப்பமானி படித்த பிள்ளைக்கும் விளங்கும். சுருதி வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதற்குப் பதிலாகச் சிலப்பதிகாரத்தில் வரும் 'கேள்வி'யைச் சொல்வார்கள். அழகான சொல்தான், ஆனால் இன்று 'கேள்விமானி' என்றால் காது பரிசோதனைக் கருவி என்றுதான் நினைப்பார்கள். தூய்மைக்காகத் தெளிவைப் பலியிட எனக்கு மனமில்லை.

பெயர் சரியாக இருந்தால் வாங்கும்போது கேட்க வேண்டியவையும் தோன்றும். எவ்வளவு நுட்பமாக அளக்கும்? ஒரு சென்ட் போதும். பன்னிரண்டு சுரங்களையும் காட்டுமா, கிதாரின் ஆறு தந்திகளை மட்டுமா? தட்டிய ஒலி சட்டென்று அடங்கும், அதற்குள் பிடித்துக்கொள்ளுமா? குழாயின் அடிப்படை அதிர்வோடு சேர்ந்து எழும் அடுத்த அதிர்வின் அதிர்வெண் ஏறத்தாழ 2.76 மடங்கு; அந்த மேலதிர்வைச் சுரமென்று எடுத்துக்கொண்டு ஏமாறுமா? கவ்விப் பிடிக்கும் வகையைக் குழாயில் மாட்டினால் அதன் எடையே சுருதியை மாற்றிவிடும். மைக் உள்ளதை வாங்க வேண்டும். குழாயை நுனியிலிருந்து நீளத்தில் 22 சதவீதம் தள்ளி இருபுறமும் தாங்கி, நடுவில் மென்மையான கோலால் தட்டி அளக்க வேண்டும்.

மொழிபெயர்த்தவர் ஒருமுறையாவது அந்தக் கருவியின் முன் ஒரு குழாயைத் தட்டிப் பார்த்திருந்தால் 'இசைவிப்பான்' என்று எழுதியிருக்க மாட்டார். அகராதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கருவிகளுக்குப் பெயர் சூட்டும் இந்த வழக்கம் நிற்க வேண்டும்.