மண்வள அட்டையைப் பார்த்து அஸ்திவாரம் போடாதீர்கள்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் ‘மண் ரிப்போர்ட்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். திறந்தால் மண்வள அட்டை! தழைச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம், போரான். “எத்தனை அடி தோண்டலாம் சார்?” என்று கேள்வி வேறு. இப்படி அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டதால்தான் எழுதுகிறேன்.

2015-ல் மத்திய அரசு விவசாயிகளுக்காகக் கொண்டுவந்த அந்த அட்டை மண்ணின் சத்தைச் சொல்லும், பயிருக்கு நல்லது. ஆனால் மாதிரி எடுப்பது மேலாக 15 சென்டிமீட்டரில். கடைக்கால் தோண்டும்போது கட்டுமானத்தில் இருக்கும் நாங்கள் முதலில் வெட்டி எறிவதே அந்த மண்ணைத்தான். வகைப்பாடும் வேறு. வேளாண் மண்ணியலாளர்கள் பயன்படுத்தும் அமெரிக்க வேளாண் துறை முறையில் 2 மி.மீ.க்கு மேற்பட்ட துகள் சரளை. நாங்கள் பின்பற்றும் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1498-ல் 4.75 மி.மீ. வரை மணல்தான். கரிசல் அவர்களுக்கு வெர்டிசால் என்ற வகை. நீர்ம எல்லை (மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈர அளவு) 50 சதவீதத்தைத் தாண்டும் களிமண் என்பதால் எங்களுக்குப் பெரும்பாலும் சி.எச்., அதாவது அதிகம் குழையும் களி.

அட்டையைக்கூட மன்னிக்கலாம். “செம்மண்தானே சார், பயமில்லை” என்பதைத்தான் தாங்க முடியவில்லை. சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. ஈரத்தில் உப்புவதும் காய்ந்தால் சுருங்குவதும் களித் தாதுவின் வேலை. கரிசலில் இருக்கும் மாண்ட்மோரிலோனைட் என்ற களித் தாது வேறு நிற மண்ணிலும் இருக்கலாம். சென்னையில் தரமணி, சிறுசேரிப் பக்கக் களிமண்ணும் ஈரத்தில் உப்பக்கூடியதே. மனை போடுகிறவர்கள் மேலே இரண்டடி செம்மண் கிராவல் கொட்டியிருப்பார்கள், அடியில் பழைய கண்மாய்க் களி கிடக்கும். மேஸ்திரி கடப்பாரையால் குத்திவிட்டு “கெட்டி மண்” என்பார். சித்திரையில் எந்தக் கரிசலும் கெட்டிதான். ஐப்பசி மழைக்கு அப்புறம் குத்தச் சொல்லுங்கள்.

“சின்ன வீடுதானே, டெஸ்ட் எதற்கு?” என்பது அடுத்தது. உப்பும் மண் தூக்குவதே எடை குறைந்த கட்டடத்தைத்தான். ஒற்றை மாடி வீட்டில் தரை மேடாகும், கதவு நிலை மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும்.

அதனால், அஸ்திவாரம் உட்காரும் ஆழத்திலும் அதற்குக் கீழேயும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சல்லடை (துகள் அளவு), நீர்ம எல்லை, குழைம எல்லை (மண் குழையத் தொடங்கும் ஈர அளவு), ஃப்ரீ ஸ்வெல் (உப்பும் அளவு) நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடைசியது மலிவான சோதனை: சலித்துக் காயவைத்த 10 கிராம் மண்ணைத் தண்ணீரிலும் மண்ணெண்ணெயிலும் தனித்தனியாக 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு உப்பியது என்று பார்ப்பார்கள். வித்தியாசம் 50 சதவீதத்தைத் தாண்டினால் மேஸ்திரி கணக்கு வேண்டாம். அண்டர்-ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல் அகன்ற ஆழத் தூண்) போடுவதா, மண்ணை மாற்றுவதா என்று பொறியாளர் முடிவு செய்யட்டும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? விரிசலில் சிமெண்ட் பூசுவதற்கு முன், குளியலறைத் தண்ணீரும் மாடி மழைநீரும் சுவரோரம் இறங்காமல் தள்ளி விடுங்கள். சுவரை ஒட்டி மரம் மட்டும் வைக்காதீர்கள், தயவுசெய்து.