பாலத்துக்கு ஏன் தனி வகை?

விமானத்திலிருந்து அல்லாமல், உயரமான நிலையான இடங்களிலிருந்து பாராசூட்டுடன் குதிக்கும் விளையாட்டு பேஸ் ஜம்பிங். அதில் கட்டடமும் பாலமும் எதற்காகத் தனித்தனி வகை, இரண்டும் மனிதன் கட்டியவைதானே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வகைகள் நான்கு: கட்டடம் (Building), ஆன்டெனா கோபுரம் (Antenna), பாலம் (Span), செங்குத்தான மலை (Earth). இவற்றின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகள்தான் பேஸ் (BASE). நான்கிலிருந்தும் குதித்து முடித்தவருக்கு வரிசை எண் உண்டு. 1981இல் தொடங்கிய அந்தப் பட்டியலில், இந்த விளையாட்டை வளர்த்த அமெரிக்கர் கார்ல் பேனிஷுக்கு 4ஆம் எண். அவருடைய மனைவி ஜீன் அவரை முந்திக்கொண்டு 3ஆம் எண்ணைப் பெற்றார்.

குதிப்பவருக்கு உயரம் என்பது வேகம். இரண்டு வினாடி விழுந்தால் மணிக்குச் சுமார் 70 கி.மீ.; விமானத்திலிருந்து குதிப்பவர் எட்டுவது சுமார் 200. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பாராசூட்டை இழுத்து விரிக்க இங்கே கிடைப்பது எட்டில் ஒரு பங்கு விசைதான்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பொருள் வருகிறது: ஸ்லைடர். நான்கு மூலைகளிலும் வளையம் வைத்த ஒரு துணித்துண்டு. பாராசூட்டின் கயிறுகள் அந்த வளையங்கள் வழியே இறங்குகின்றன. தொடக்கத்தில் அது மேலே, பாராசூட்டை ஒட்டி நின்று, சுருக்குப்பையின் கயிறு போலக் கயிறுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. கீழிருந்து மோதும் காற்று அதை மேலேயே தள்ளி வைக்கப் பார்க்கிறது. விரியத் துடிக்கும் பாராசூட் அதைக் கீழே தள்ளுகிறது. வேகம் கூடினால் தடையும் தானாகக் கூடும். மோட்டாரோ மின்சுற்றோ இல்லாமல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் கருவி! நார்வேயில் கடல்நீர்ப் பள்ளத்தாக்கின் மேல் 984 மீட்டர் நிற்கும் ஷெராக் மலையில் நீண்ட நேரம் விழுபவருக்கு இது இல்லாவிட்டால், விரியும் அதிர்ச்சியே உடலை உலுக்கிவிடும். ஆனால் தாழ்வான இடத்தில் இதே தாமதம் உயிரைப் பறிக்கும். அங்கே ஸ்லைடரைக் கழற்றிவிடுகிறார்கள்.

இனி வாசகரின் பாலம். பாராசூட் எப்போதும் நேராக விரிவதில்லை. சில சமயம் 180 பாகை திரும்பிவிடும். மலையிலும் கட்டடத்திலும் அந்தத் திசையில் சுவர் நிற்கிறது. ஆன்டெனாவில் சுவர் இல்லை, கோபுரத்தைச் சாயாமல் பிடிக்கும் இழுவைக் கம்பிகள் உண்டு. பாலத்தின் நடுவில் குதித்தவர் திரும்பினாலும் முன்னே இருப்பது பெரும்பாலும் வெறும் காற்று. சுவரில் மோதியவரைப் பற்றி 'விதி' என்று எழுதும் செய்திகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. பாராசூட்டை மடிப்பதும் உடலைச் சாய்க்காமல் வைத்திருப்பதும் அந்தத் திசையை மாற்றக்கூடியவை.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 148 மீட்டர் உயரமுள்ள பெரைன் பாலத்தில் ஆண்டு முழுவதும் அனுமதிச் சீட்டு இல்லாமலே குதிக்கலாம். பயிற்சி பெற வருபவர்கள் அங்கே குவிவதில் வியப்பில்லை.