வாழைநாரும் வெட்டுத் துணியும்: 50 லட்சம் வரை மானியம் யாருக்குக் கிடைக்கும்?

சோழவந்தான், மேலக்கால் பக்கம் தார் வெட்டிய வாழைமரம் பெரும்பாலும் வயலோரத்தில் கிடந்து அழுகுகிறது. மதுரைத் தையல் கூடங்களில் விழும் வெட்டுத் துணி மூட்டை மூட்டையாக வெளியே போகிறது. இந்த இரண்டையும் விலைபோகும் பொருளாக்க முயல்பவர்களுக்கு மத்திய ஜவுளி அமைச்சகத்தில் ஒரு மானியம் உண்டு. பெயர் 'கிரேட்'. 2020-இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தின் கீழ் 2023-இல் வந்தது. மக்கும் துணி, மறுசுழற்சி செய்யக்கூடிய துணி ஆகியவை இதில் முன்னுரிமை பெற்றவை.

தனிநபரோ ஸ்டார்ட்அப் நிறுவனமோ 50 லட்சம் ரூபாய் வரை பெறலாம். வேலையை முடிக்க 18 மாதம் வரை அவகாசம். இது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் மானியத்தில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் நம் கைப்பணத்தை இரண்டு சம தவணையாகப் போட வேண்டும். 50 லட்சம் என்றால் 5 லட்சம், தவணைக்கு இரண்டரை லட்சம். கூடவே, புதுத் தொழில்களுக்கு இடமும் வழிகாட்டலும் தந்து வளர்க்கும் ஒரு இன்குபேட்டர் மையத்தோடு சேர்ந்துதான் திட்டத்தை நடத்த முடியும்.

பலர் தடுக்கி விழுகிற இடம் வேறு. வெறும் யோசனைக்கு இங்கே பணம் இல்லை. கையில் ஒரு மாதிரிப் பொருள் இருக்க வேண்டும். அதைச் சந்தைக்குக் கொண்டுபோகத்தான் மானியம். அப்புறம், தொழில்நுட்ப ஜவுளி என்றால் அழகுக்காக அல்லாமல் பயன்பாட்டுக்காக நெய்யும் துணி. அதனால் வாழைநார்ச் சேலை என்று போவதைவிட, மண்ணில் மக்கும் நாற்றுப் பை, களை வராமல் தரையை மூடும் விரிப்பு, பேக்கிங் துணி என்று போவதுதான் என் பார்வையில் நல்லது. வாழைநார் விறைப்பானது, மெல்லிய நூலாக்கப் பதப்படுத்த வேண்டும். பைக்கும் விரிப்புக்கும் அந்தப் பாடு குறைவு. வெட்டுத் துணியில் சுத்தப் பருத்தியைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அதைக் கிழித்துப் பஞ்சாக்கலாம். இழை குட்டையாகிவிடுவதால் நூற்கும்போது புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலக்க வேண்டியிருக்கும். பாலியஸ்டர் கலந்த துணியை இழை இழையாகப் பிரிப்பதோ பெரும்பாடு. அதற்கு ஒரு மலிவான வழி கண்டுபிடித்தவருக்குத்தான் இந்த மானியம் நிஜமாகவே பொருந்தும்.

சரி, புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, நார் பிரிக்கும் மெஷின் வாங்கித் தொழில் தொடங்கினால் போதும் என்பவர்கள்? அவர்கள் பார்க்க வேண்டியது பிஎம்இஜிபி, அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடனோடு மானியம் வரும். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு 25, 35. மதுரைக்குள் தொடங்குவதா, மேலக்காலில் தொடங்குவதா என்பது இங்கே பத்து சதவீத வித்தியாசம். திட்ட மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். மானியம் மூன்று வருஷம் வங்கியில் டெபாசிட்டாக இருந்த பிறகே கடனில் கழியும். ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் புதிது என்று காட்டி வாங்க முடியாது. விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

இரண்டு திட்டங்களுக்கும் 2026 மார்ச் வரை என்றுதான் ஒப்புதல் இருந்தது. அதற்குப் பின் விண்ணப்பிப்பவர்கள் நீட்டிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 'கிரேட்' பக்கம் போவதாக இருந்தால், கோவையிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் மாதிரித் துணியின் வலுவைச் சோதித்து அறிக்கை வாங்கி, விண்ணப்பத்தோடு வையுங்கள்.